நெல்லிக்கனி கவசமாகுமா?

எங்கள் ஊரில் 'மருந்து' என்னும் சொல்லுக்கு மூன்று பொருள் உண்டு. காய்ச்சல் கண்டவருக்குக் கொடுப்பதும் மருந்து. பருத்திக்கு அடிப்பதும் மருந்து. வாழ்வை வெறுத்தவர் எடுத்துக் குடிப்பதும் மருந்துதான். "அப்பா எங்கே?" என்று கேட்டால், "மருந்தடிக்கப் போயிருக்கிறார்" என்போம். "மேலத்தெருவில் என்ன அழுகைச் சத்தம்?" என்று கேட்டால், "மருந்தைக் குடித்துவிட்டான்" என்போம். உயிரைக் காப்பதற்கும் உயிரைப் போக்குவதற்கும் ஒரே பெயரைச் சூட்டிவிட்டு, இரண்டிற்கும் உள்ள வேற்றுமையை நாம் மறந்துவிட்டோமோ என்ற ஐயம் எனக்கு நெடுநாளாக உண்டு.

சென்ற பருவத்தில் எங்கள் விலங்கியல் துறைக் கருத்தரங்கில் நண்பர் ஒருவர் அழகானதொரு கட்டுரை படித்தார். காய்கனிகளிலும் கீரைகளிலும் உள்ள ஆக்சிஜனேற்றத் தடுப்புப் பொருள்கள், பூச்சிக்கொல்லியின் நச்சிலிருந்து நம் இதயத்தைக் காக்கும் என்பது அவர் கருத்து. அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த வரலாற்றைச் சொல்லித் தொடங்கினார். உணவே மருந்து என்று முடித்தார். எல்லோரும் கைதட்டினோம். நானும்தான் தட்டினேன்.

அந்த வாரம் ஊருக்குப் போனபோது ஒரு கிலோ நெல்லிக்காய் வாங்கிக்கொண்டு போனேன். கைத்தெளிப்பானைத் தோளிலிருந்து இறக்கி வைத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பாவிடம் கொடுத்து, கருத்தரங்கில் கேட்டதை எல்லாம் பெருமையோடு சொன்னேன். அவர் ஒரு காயைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே கேட்டார்: "அப்போ இதைத் தின்னுட்டு மருந்தடிச்சா ஒண்ணும் பண்ணாதாப்பா?"

என்னால் 'ஆம்' என்று சொல்ல முடியவில்லை. 'இல்லை' என்று சொல்லவும் போதிய அறிவு இல்லை. அதன்பின் நூலகத்தில் தேடிப் படித்தும், பேராசிரியர்களிடம் கேட்டும் நான் அறிந்துகொண்டவற்றை அப்பாவுக்குச் சொல்ல வேண்டிய விடையாக இங்கே எழுதுகிறேன்.

தவளை இதயம் சொன்ன செய்தி

பூச்சிக்கொல்லி இதயத்தை என்ன செய்கிறது? இதற்கு விடை காண நாம் 1921ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும். ஆஸ்திரிய நாட்டில் ஆட்டோ லோவி என்ற அறிஞர் இரண்டு தவளை இதயங்களை உப்புக் கரைசலில் துடிக்க வைத்தார். முதல் இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டினார். அதன் துடிப்பு தளர்ந்தது. பிறகு அந்த இதயத்தைச் சூழ்ந்திருந்த கரைசலை எடுத்து, நரம்பே தூண்டப்படாத இரண்டாவது இதயத்தில் விட்டார். அதுவும் தளர்ந்தது! நரம்பு ஏதோ ஒரு வேதிப்பொருளைச் சுரந்துதான் இதயத்தோடு பேசுகிறது என்பது அன்று விளங்கிற்று. அசிட்டைல்கோலின் என்பது அதன் பெயர். இதற்காக அவருக்கும் ஹென்றி டேல் என்ற ஆங்கில அறிஞருக்கும் 1936இல் நோபல் பரிசு கிடைத்தது.

பேசி முடித்த சொல் காற்றில் கரைந்துவிட வேண்டும். இல்லையேல் அடுத்த சொல் கேட்காது. அதுபோல, வேலை முடிந்த அசிட்டைல்கோலினை உடனுக்குடன் சிதைத்து அப்புறப்படுத்த நம் உடலில் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்னும் நொதி இருக்கிறது. பாரத்தியான், மாலத்தியான், குளோர்பைரிபாஸ், மோனோகுரோட்டோபாஸ் முதலிய கரிம பாஸ்பரஸ் பூச்சிக்கொல்லிகள் இந்த நொதியைத்தான் முடக்குகின்றன. நொதி முடங்கினால் அசிட்டைல்கோலின் தேங்குகிறது. பூச்சி துடிதுடித்துச் சாகிறது. பூச்சிக்கும் நமக்கும் இந்த நொதி பொதுவானது என்பதுதான் வேதனை. கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கும், வியர்வையும் உமிழ்நீரும் பெருகும், மூச்சு முட்டும். இதயம் மிகத் தளர்ந்து துடிக்கலாம். சில வேளைகளில் மிக விரைந்து துடிக்கலாம். தாளம் தப்பி நின்றும் போகலாம்.

இது முதல் அடி. இந்த அடியை நெல்லிக்காய் தடுக்குமா? தடுக்காது. நொதியைப் பிடித்துக்கொண்ட நஞ்சை விடுவிக்கும் வேலை வைட்டமின் சி-யின் வேலையன்று. அங்கே தேவைப்படுவது அட்ரோபின் ஊசியும், பிராலிடாக்சிம் என்னும் மருந்தும், மூச்சுக்கு ஆக்சிஜனும், அவற்றைக் காலத்தோடு கொடுக்கும் மருத்துவமனையுமே. மருந்தடித்தவர் மயங்கி விழுந்தால் மோர் கொடு, பால் கொடு, வெல்லம் கொடு என்று ஊரார் கூடி நிற்பதை நான் கண்டிருக்கிறேன். அன்பினால் செய்வதுதான். ஆனால் அந்த அரைமணி நேரத்தில் வண்டி பிடித்திருக்கலாம் அல்லவா?

இரண்டாவது அடி

நண்பரின் கட்டுரை பேசியது இரண்டாவது அடியைப் பற்றி. அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் அதில் உண்மை இருக்கிறது.

நம் இதயம் நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை அதற்கு இல்லை. இவ்வளவு உழைப்புக்கும் வேண்டிய ஆற்றலைத் தருவதற்காக இதயத் தசைச் செல்களில் மைட்டோகாண்ட்ரியாக்கள் நெருக்கமாக நிறைந்துள்ளன. ஆக்சிஜன் எரியும் இந்த அடுப்பிலிருந்து ஒன்றிரண்டு பொறிகள் தெறிப்பது இயல்பு. இணையில்லாத எலக்ட்ரானோடு திரியும் இவற்றை வேதியியல் துறை நண்பர்கள் 'தனி உறுப்புகள்' என்பார்கள். இவை செல்லின் கொழுப்புச் சவ்வைத் தாக்கிக் கெடுக்கும். எண்ணெய் நாள்பட்டுச் சிக்கு நாற்றம் அடிக்கிறதே, அதே வினைதான் செல்லின் சவ்விலும் நடக்கிறது.

இப்பொறிகளை அணைக்க உடலே காவலர்களை வைத்திருக்கிறது. சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்னும் நொதியை 1969இல் மெக்கார்டும் பிரிடோவிச்சும் கண்டறிந்தனர். கேட்டலேஸ், குளூட்டத்தையோன் ஆகியவையும் இப்படையைச் சேர்ந்தவை. கல்லீரலோடு ஒப்பிட்டால் இதயத்தில் கேட்டலேஸ் குறைவு. அதாவது உழைப்பு மிகுதி, காவல் குறைவு. பூச்சிக்கொல்லி உடலில் சேரும்போது பொறிகள் பெருகுகின்றன, காவலர்கள் களைக்கிறார்கள். உணவிலிருந்து வரும் வைட்டமின் சி, வைட்டமின் ஈ, கரோட்டின் முதலியவை இந்தக் காவலுக்குத் துணை நிற்கின்றன.

எலிகளில் இதனைப் பலமுறை காட்டியிருக்கிறார்கள். துருக்கி நாட்டு ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், டயசினான் என்னும் பூச்சிக்கொல்லி எலியின் இதயத்தில் கொழுப்புச் சிதைவின் அடையாளமான மாலோன்டையால்டிஹைடின் அளவை உயர்த்தியது, மைட்டோகாண்ட்ரியாக்களையும் பழுதாக்கியது. வைட்டமின் ஈ சேர்த்துக் கொடுக்கப்பட்ட எலிகளில் இக்கேடு குறைந்திருந்தது. குறைந்திருந்தது என்பதை நண்பர்கள் கவனிக்க வேண்டும். அறவே இல்லாமல் போகவில்லை.

எலியும் மனிதனும்

இங்கேதான் நான் என் நண்பரிடமிருந்து மாறுபடுகிறேன். எலிக்கூண்டிலிருந்து எங்கள் ஊர்த் திண்ணைக்கு வரும் வழியில் மூன்று பள்ளங்கள் இருக்கின்றன.

முதலாவது, எலி தனக்கு வேண்டிய வைட்டமின் சி-யைத் தன் கல்லீரலிலேயே செய்துகொள்கிறது. மனிதனுக்கும் கினிப்பன்றிக்கும் அந்தத் திறன் இல்லை. எலிக்குக் கொடுப்பது அதன் சொந்தச் சேமிப்புக்கு மேல் கூடுதல். நமக்கோ அடிப்படையே வெளியிலிருந்துதான் வர வேண்டும். எனவே ஒன்றின் முடிவை மற்றதற்கு அப்படியே பொருத்த இயலாது.

இரண்டாவது, அளவு. இத்தகைய ஆய்வுகளில் உடல் எடை கிலோ ஒன்றுக்கு 200 மில்லிகிராம் வரையிலும் வைட்டமின் கொடுப்பது வழக்கம். அதே கணக்கில் 60 கிலோ எடையுள்ள என் தந்தைக்கு நாளொன்றுக்கு 12 கிராம் ஆகிறது. எலிக்கும் மனிதனுக்கும் நேர்க்கணக்குப் பொருந்தாது என்று விட்டுக்கொடுத்தாலும், நாலைந்து நெல்லிக்காயில் கிடைப்பது அதன் பக்கத்திலும் வராது. முருங்கைக்கீரையிலும் கொய்யாவிலும் வைட்டமின் சி நிறைய இருக்கிறது. ஆனால் கீரையை வேகவைத்து இறக்கும்போது அதில் ஒரு பகுதி போய்விடுகிறது. மஞ்சளில் உள்ள குர்குமின் குடலிலிருந்து இரத்தத்தில் சேர்வது மிகச் சொற்பம். மிளகிலுள்ள பைப்பரின் அதைக் கூட்டும் என்று 1998இல் பெங்களூர் ஆய்வாளர்கள் காட்டினார்கள். நம் பாட்டிமார் மஞ்சளும் மிளகும் சேர்த்து ரசம் வைத்ததை எண்ணி நாம் மகிழலாம். ஆனால் ரசத்தை நம்பி முகமூடி இல்லாமல் வயலில் இறங்கலாகாது.

மூன்றாவது, மனிதர்களிடமே செய்து பார்த்த ஆய்வுகள். ஆக்சிஜனேற்றத் தடுப்புப் பொருள்கள் இதய நோயைத் தடுக்கும் என்று உலகமே நம்பியிருந்த காலம் ஒன்று உண்டு. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஹோப்' என்னும் ஆய்வில் ஏறத்தாழ 9,500 பேர் சேர்க்கப்பட்டனர். வைட்டமின் ஈ உண்டவர்களுக்கும் வெற்று மாத்திரை உண்டவர்களுக்கும் மாரடைப்பில் வேறுபாடு காணப்படவில்லை. 2002இல் பிரிட்டனில் 20,536 பேரிடம் வைட்டமின் ஈ, சி, பீட்டா கரோட்டின் மூன்றையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். பயன் இல்லை. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆடவர்களிடம் செய்து 1994இல் வெளியிட்ட ஆய்விலோ, பீட்டா கரோட்டின் மாத்திரை உண்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் கூடுதலாகவே வந்தது. இவை பூச்சிக்கொல்லி அடிப்பவர்களிடம் செய்த ஆய்வுகள் அல்ல. மாத்திரை வேறு, கனி வேறு என்பதும் மெய்தான். ஆயினும் சோதனைக் குழாயில் கண்ட அழகான கருத்து, மனித உடலில் தோற்றுப்போகக்கூடும் என்ற பாடத்தை நாம் மறக்கலாமா?

உணவு பயனற்றதா?

அப்படியானால் உணவினால் பயனே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. ஆனால் அதன் பயன் வேறோர் இடத்தில் இருக்கிறது என்பது என் கருத்து.

உடலின் காவலர்களில் தலையாயதாகிய குளூட்டத்தையோன், அமினோ அமிலங்களிலிருந்து உருவாவது. புரதம் குறைந்தால் அதுவும் குறையும். கனடா நாட்டு மருந்தியல் அறிஞர் பாய்டு என்பவர், புரதக் குறைபாட்டையும் பூச்சிக்கொல்லி நச்சையும் இணைத்து 1972இல் ஒரு நூலே எழுதினார். புரதம் குறைந்த உணவை உண்ட எலிகளைச் சில பூச்சிக்கொல்லிகள் எளிதில் வீழ்த்தின என்பது அவர் கண்ட முடிவு. நம் நாட்டில் தோளில் தெளிப்பானைச் சுமப்பவர் யார்? முட்டையும் பாலும் பருப்பும் நாள்தோறும் உண்பவரா? நீராகாரம் குடித்துவிட்டுக் காலையில் கூலிக்குப் போகிறவர் அன்றோ? எனவே அவருக்கு வேண்டியது விலையுயர்ந்த வைட்டமின் மாத்திரை அல்ல. வயிறார நல்ல சோறு, பருப்பு, கீரை, கடலை, கேழ்வரகு, நல்லெண்ணெய். அப்பாவிடம் நான் நெல்லிக்காய் கொடுத்தது தவறன்று. அது கவசம் என்று சொன்னதுதான் தவறு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காய்கறியை வாங்கி உண்பவரின் நிலை வேறு, வயலில் அடிப்பவரின் நிலை வேறு. உண்பவருக்குச் சேர்வது சிறிதளவு எச்சம். நன்றாகக் கழுவினால் மேலே ஒட்டியிருப்பதில் ஒரு பகுதி போகும். தோல் சீவினால் இன்னும் போகும். செடியின் உள்ளேயே ஊடுருவிய நஞ்சு போகாது. அதற்கு அஞ்சிக் காய்கறியையே விட்டுவிடுவது, திருடனுக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது போலாகும். ஆனால் அடிப்பவர் உடலில் நஞ்சு வாய் வழியாக மட்டும் நுழைவதில்லை. பெரும்பகுதி தோல் வழியாகவே நுழைகிறது. வெறுங்கையால் கலக்கும்போது, தெளிப்பான் ஒழுகி முதுகு நனையும்போது, எதிர்க்காற்றில் சாரல் முகத்தில் படியும்போது அது உள்ளே போகிறது. தண்ணீர் சுமந்து வந்து ஊற்றும் எங்கள் அம்மாமார்களின் கைகள் வழியாகவும் போகிறது. தோல் வழியே வரும் பகைவனுக்கு வயிற்றில் மட்டும் காவல் வைப்பது என்ன போர் முறை?

யார் பொறுப்பு?

என் மனத்தை உறுத்துவது அறிவியல் பிழை மட்டுமன்று. 'நல்லதைச் சாப்பிடு, நஞ்சு ஒன்றும் செய்யாது' என்று நாம் சொல்லும்போது, பொறுப்பு முழுவதையும் உழவனின் உணவுத் தட்டில் கொண்டுபோய் வைக்கிறோம். நாளை அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தால், 'ஒழுங்காகச் சாப்பிடவில்லை' என்று சொல்லிவிடலாம். நஞ்சைச் செய்தவர், விற்றவர், அனுமதித்தவர் எல்லோரும் கைகழுவிக்கொள்ளலாம்.

வரலாறு வேறு பாடம் சொல்கிறது. 1958இல் கேரளத்தில், கொண்டுவரும் வழியில் பாரத்தியான் கலந்துவிட்ட உணவுப் பொருள்களை உண்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன் பின்னரே 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டமும், 1971ஆம் ஆண்டின் விதிகளும் வந்தன. நஞ்சைக் கையாளும் பணியாளர்களுக்குப் பாதுகாப்பு உடை வேண்டும், மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்று அவ்விதிகள் கூறுகின்றன. ஆனால் 2017இல் மராட்டிய மாநிலத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்தவர்களில் இருபது பேருக்கு மேல் மாண்டனர். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனைகளில் கிடந்தனர். அவர்கள் உண்ட உணவில் குறையா? ஆளுயரப் பருத்திக்குள் முகமூடியும் கையுறையும் இன்றி இறக்கிவிட்டதில் அல்லவா குறை?

மறுபுறம் இலங்கையைப் பாருங்கள். மிகக் கொடிய நச்சுகளான மோனோகுரோட்டோபாஸ், மெத்தமிடோபாஸ் ஆகியவற்றை அந்நாடு 1995இல் தடுத்தது. 1998இல் எண்டோசல்பானைத் தடுத்தது. அடுத்த பத்தாண்டுகளில் அங்கே தற்கொலைச் சாவுகளின் விகிதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. எந்தக் கனியும் எந்தக் கீரையும் காக்க முடியாத உயிர்களை ஓர் அரசாணை காத்தது. காசர்கோட்டின் முந்திரித் தோட்டங்களில் ஆண்டுக்கணக்கில் வானிலிருந்து எண்டோசல்பான் தெளித்தார்கள். அதை உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் நிறுத்தியது 2011இல்தான். இடைப்பட்ட ஆண்டுகளை யார் திருப்பித் தருவார்கள்?

நாம் செய்யக்கூடியது

குறை சொல்லி முடிப்பது மாணவனுக்கு அழகன்று. நம் கல்லூரியால் செய்யக்கூடியவை சில உண்டு.

நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்கு ஆண்டுதோறும் ஒரு சிற்றூருக்குப் போகிறோம். கோயிலைச் சுற்றிப் புல் செதுக்குகிறோம், மரக்கன்று நடுகிறோம். இவ்வாண்டு அத்தோடு ஒரு வேலையையும் சேர்த்துக்கொள்வோம். பூச்சிக்கொல்லிப் புட்டியில் சாய்ந்த சதுரம் ஒன்று அச்சிட்டிருக்கும். அதன் கீழ்ப்பாதியின் நிறம் நஞ்சின் கடுமையைச் சொல்லும். சிவப்பு மிகக் கொடியது, அடுத்து மஞ்சள், அதற்கடுத்து நீலம், பச்சை இவற்றுள் கடுமை குறைந்தது. எழுத்தறியாதவரும் நிறம் அறிவார். ஆனால் எங்கள் ஊரில் அதன் பொருளை நான் கேட்ட பத்துப் பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. கடைக்காரர் சொல்வதே அவர்களுக்கு வேதம். அவர் இரண்டு மூன்றைக் கலந்து அடிக்கச் சொல்கிறார். 'டேங்குக்கு ரெண்டு மூடி' என்பதே அளவு. இந்த நிறங்களின் பொருளை வீடு வீடாகச் சொல்ல நமக்கு ஒரு நாள் போதாதா?

காற்றுக்கு எதிரே நின்று அடிக்காதீர்கள், வெறுங்கையால் கலக்காதீர்கள், வயலில் பீடி பற்றவைக்காதீர்கள், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளியுங்கள், அந்த உடையைத் தனியே துவையுங்கள், காலிப் புட்டியில் எண்ணெய் வாங்காதீர்கள் என்ற ஆறு சொற்றொடர்களை ஒரு சுவரில் எழுதிவைக்கலாம். ஒரு கட்டிச் சோப்பு, வைட்டமின் மாத்திரைப் பட்டையைவிட மலிவு. தோலில் படிந்த நஞ்சைக் கழுவுவதில் அதைவிட வலிது.

ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரை முகாமுக்கு அழைத்து, மருந்தடிப்பவர்களின் இரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் அளவைச் சோதித்துத் தர வேண்டலாம். அந்த அளவு இறங்கியிருப்பது, உடலில் நஞ்சு ஏறிவருகிறது என்பதற்கு முன்னறிவிப்பு. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்கும் முகாம்கள் எத்தனையோ நடக்கின்றன. உழவனின் தொழில்நோயைப் பார்க்கும் முகாம் ஒன்றாவது நடக்க வேண்டாமா? எங்கள் துறைப் பேராசிரியர்கள் இதற்கு வழிகாட்ட வேண்டுமென்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

திருக்குறளில் 'மருந்து' என்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. அதன் பெரும்பகுதி உணவைப் பற்றியது. என் நண்பர் அதை நினைத்துத்தான் உணவே மருந்து என்று முடித்தார் போலும். வள்ளுவர் காலத்து உழவன் முதுகில் தெளிப்பான் இல்லை. இன்றைய உழவனுக்கு உணவும் வேண்டும். அதனினும் முன்னதாக அந்த நஞ்சிடமிருந்து விலகி நிற்கும் உரிமையும் வசதியும் வேண்டும்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போதும் நெல்லிக்காய் வாங்கிக்கொண்டுதான் போவேன். கூடவே ஒரு சோடி ரப்பர் கையுறை, ஒரு முகமூடி, இரண்டு கட்டிச் சோப்பு. அப்பா மீண்டும் அதே கேள்வியைக் கேட்டால் சொல்வேன்: "இல்லைப்பா, பண்ணும். இது பசிக்குத் தின்ன. அதெல்லாம் போட்டுக்கிட்டுப் போங்க. சிவப்புச் சதுரம் போட்டதை மட்டும் வீட்டுக்கு வாங்கிட்டு வராதீங்க."

அவர் கேட்பாரா என்று தெரியாது. வெயிலில் கையுறை வேகும் என்பார். முகமூடியில் மூச்சு முட்டும் என்பார். கடைக்காரர் வேறு சொல்கிறாரே என்பார். அதனால்தான் நான் ஒருவன் சொன்னால் போதாது, நாம் எல்லோரும் சேர்ந்து சொல்ல வேண்டும் என்கிறேன்.